கருப்பை, சினைப்பை, விந்தகம்: உடலுக்கு வெளியே வைத்து ஆராய எந்த முறை எதற்கு?

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்த உறுப்பு உங்களுக்கு எவ்வளவு நேரம் உயிரோடு வேண்டும்? விலங்கின் இனப்பெருக்க உறுப்பை வெளியே வைத்து ஆராயலாம் என்று இறங்குகிற பலர் முதலில் பார்ப்பது கருவியைத்தான், பம்ப் வாங்கலாமா, திசுவைச் சிறு அறைகளில் வைத்துத் திரவம் ஓட்டுகிற சிப் வாங்கலாமா என்று. ஒரு மருந்து கருப்பையைச் சுருங்க வைக்கிறதா என்று பார்க்க சில மணி நேரம் போதும். முயலின் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறுவதைப் பார்க்க அரை நாள் வேண்டும். விந்தணு ஒன்று ஆதிச் செல்லிலிருந்து முழுதாக உருவாகி வர சுண்டெலிக்கு ஏறத்தாழ 35 நாள், காளைக்கு 61 நாள். மாட்டின் சினைச் சுழற்சி 21 நாள். இத்தனைக்கும் ஒரே ஏற்பாடு போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது, உயிரோடு என்றால் என்ன என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். கருப்பைத் தசை நன்றாகத் தாக்குப்பிடிக்கிற ரகம். இரவு முழுக்க 4 டிகிரி குளிரில் கரைசலில் போட்டு வைத்த துண்டை மறுநாள் சூடாக்கி ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலும் சுருங்கத் தொடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு "கருப்பை உயிரோடு இருக்கிறது" என்று குறித்துக்கொண்டால், அதே கருப்பையின் உள்ளே எண்டோமெட்ரியம் (கருப்பையின் உட்சவ்வு) செல்கள் உதிர்ந்துகொண்டிருப்பது உங்கள் கண்ணில் படாமலே போகலாம். சுருங்குவது, ஹார்மோன் சுரப்பது, ஹார்மோனுக்குப் பதில் சொல்வது, கருமுட்டையையோ விந்தணுவையோ வளர்த்தெடுப்பது எல்லாம் வெவ்வேறு வேலைகள், ஒன்று நடந்தால் மற்றதும் நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், காரணம் ஆக்சிஜன். உடலுக்குள் எந்தச் செல்லும் பொதுவாக ஒரு ரத்த நுண்குழாயிலிருந்து 100, 200 மைக்ரோமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கும். உறுப்பை வெட்டி எடுத்துக் கரைசலில் போட்ட கணமே அந்தத் தூரத்தை வெளிப்பரப்பிலிருந்து அளக்க வேண்டியதாகிவிடுகிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் நடுப்பகுதி மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும். தப்பிக்க வழி மூன்றுதான்: ரத்தக்குழாய் வழியாகவே உணவும் ஆக்சிஜனும் அனுப்புவது, மெல்லியதாக நறுக்குவது, இல்லையென்றால் இயல்பிலேயே சின்னதாக இருக்கிற உறுப்பை எடுப்பது. கீழே வருகிற முறைகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்று, அல்லது இரண்டின் கலப்பு.

ஆர்கன் பாத்: பழசு, ஆனால் இன்னும் ராஜா

கருப்பையின் தசைத் துண்டை ஒரு கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை விசை அளக்கிற டிரான்ஸ்டியூசரில் மாட்டி, சூடான உப்புக் கரைசலில் 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜன் வாயுவைக் குமிழ விடுவது. அவ்வளவுதான் ஆர்கன் பாத். ஹென்றி டேல் 1913இல் கினிப்பன்றியின் கருப்பைத் துண்டை வைத்து ஒவ்வாமையைக் காட்டியது இந்த வகை ஏற்பாட்டில்தான். ஏற்கெனவே ஒரு புரதத்துக்குப் பழக்கப்படுத்திய கினிப்பன்றியின் கருப்பை, அதே புரதம் கரைசலில் பட்டதும் இறுகிச் சுருங்கியது. ஷுல்ட்ஸ்-டேல் வினை என்று இன்றும் சொல்கிறோம்.

இதில் எனக்குப் பிடித்தது, எங்கே தப்பு நடந்தாலும் உடனே தெரிந்துவிடும். கார்போஜன் நின்றால் பைகார்பனேட் கரைசலின் காரத்தன்மை ஏறும், கால்சியம் படிந்து கரைசல் கலங்கும், துண்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். எலியின் கருப்பை சும்மா இருக்கும்போதே தானாகத் துடிக்கும் என்பது ஒரு தொல்லை. அதை அடக்க கால்சியம் குறைந்த டி ஜாலான் கரைசலையும் 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையையும் பயன்படுத்துவார்கள், விலங்குக்கு முதல் நாளே ஈஸ்ட்ரோஜன் கொடுத்து எல்லாத் துண்டுகளையும் ஒரே நிலைக்குக் கொண்டு வருவார்கள். ஆனால் உங்கள் கேள்வியே அந்தத் தானியங்கித் துடிப்பைப் பற்றியது என்றால் இந்தச் செட்டிங் முழுவதும் உங்களுக்கு எதிரி, அப்போது சாதாரண கிரெப்ஸ் கரைசல், 37 டிகிரி, அவ்வளவே.

நேரம்? ஒரு நாள் வேலை. மாலையில் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஹார்மோன் சுழற்சி, கரு ஒட்டுதல், மரபணு வெளிப்பாடு மாறுவது என்று எதுவும் இதில் பார்க்க முடியாது. ஆனால் சுருக்கம், தளர்ச்சி, எந்த மருந்து எந்த அளவில் வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி என்றால் மற்றதை யோசிக்கவே வேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கருப்பையிலிருந்து பல துண்டு கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் அதன் பக்கத்துத் துண்டே ஒப்பீடு.

முழு உறுப்பு பெர்ஃப்யூஷன்: எல்லோருக்கும் ஆசை, சிலருக்கே தேவை

முழுக் கருப்பையையோ சினைப்பையையோ எடுத்து, தமனியில் கேனுலா என்கிற மெல்லிய குழாயைச் சொருகி, பம்ப் வைத்து, ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தைச் சுற்றவிட்டு, சிரை வழியாக வெளியே வருவதைச் சேகரிப்பது. படத்தில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஜெர்மனியின் எர்லாங்கன் குழு இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த பன்றிக் கருப்பைகளை இப்படி வைத்து ஆக்ஸிடோசின், புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்துகளுக்குக் கருப்பைக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று அளந்திருக்கிறது. இத்தாலியில் புல்லெட்டி குழு அகற்றப்பட்ட மனிதக் கருப்பைகளை இயக்கி, 1988இல் அதில் ஒரு மனிதக் கரு ஒட்டியதாக அறிவித்தது. அது எழுப்பிய அறநெறிக் கேள்விகள் தனிக் கட்டுரைக்கு உரியவை, இங்கே விலங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சினைப்பையிலும் இதற்கு நல்ல வரலாறு உண்டு. 1970களில் முயலின் சினைப்பையை உடலுக்கு வெளியே பெர்ஃப்யூஸ் செய்து கருமுட்டை வெளியேறுவதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். எலியின் சினைப்பையில் இதே வேலையைச் செய்தவர்களில் ஒருவர் ஸ்வீடனின் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம். பிற்பாடு கருப்பை மாற்று அறுவைக்குப் பின் உலகின் முதல் குழந்தை 2014இல் பிறந்தது அவருடைய குழுவிடம்தான். 1960களில் முயல் விந்தகத்தைப் பெர்ஃப்யூஸ் செய்து டெஸ்டோஸ்டிரோன் எப்படி உருவாகிறது என்று பார்த்ததும் இதே குடும்பம்.

சரி, சிக்கல் எங்கே? 95 சதவீத ஆக்சிஜன் குமிழவிட்ட உப்புக் கரைசல் 100 மில்லியில் சுமார் 2 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும், அதே அளவு ரத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லி இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஓட்டத்தைக் கூட்டுகிறோம், கூட்டினால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசு வீங்குகிறது, வீங்கினால் உள்ளே இருக்கிற குழாய்கள் நசுங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் குறைகிறது. இந்த வளையத்திலிருந்து வெளியே வர, நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கிற ஆல்புமின் அல்லது டெக்ஸ்டிரான் சேர்க்க வேண்டும், ரத்தச் சிவப்பணுக்கள் சேர்த்தால் இன்னும் நல்லது, ஆனால் அப்போது பம்பில் செல்கள் உடைவது, சேர்ந்து வருகிற கிருமி என்று அடுத்த தலைவலிகள் வரிசைகட்டும். வெப்பநிலையைக் குறைத்தால் ஆக்சிஜன் தேவை குறையும், ஆனால் உறுப்பு வேலை செய்வதையும் நிறுத்திவிடும். பத்திரமாக வைத்திருப்பது நோக்கம் என்றால் குளிர் சரி, செயல்படுவதைப் பார்ப்பது நோக்கம் என்றால் 37 டிகிரிக்கு வந்தே ஆக வேண்டும்.

அப்புறம் தமனி. இறைச்சிக்கூடத்தில் விலங்கு ரத்தம் வடிந்து இறந்திருக்கும், நுண்குழாய்களில் உறைந்த ரத்தக் கட்டிகள் உட்கார்ந்திருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் கலந்த கரைசலால் முதல் சில நிமிடங்களுக்குள் கழுவாவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல பம்ப் இருந்தும் திரவம் சுலபமான வழியில் மட்டும் ஓடும், மற்ற பகுதி வெளுத்துக் கிடக்கும். வெளியே எடுத்தபின் சாயம் ஒன்றைச் செலுத்தி எங்கெல்லாம் போகிறது என்று பார்க்காமல் வெளியிடப்பட்ட பெர்ஃப்யூஷன் முடிவுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எப்போது இதுதான் ஒரே வழி என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயே கேள்வியின் மையமாக இருக்கும்போது. ஒரு மருந்து ரத்தம் வழியாக வந்து கருப்பைச் சுவரைக் கடந்து உள்ளறைக்குள் எவ்வளவு போகிறது என்பதைத் துண்டில் கேட்க முடியாது. இன்னொரு உதாரணம் மாடும் செம்மறியாடும். அவற்றில் கருப்பை சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா, கருப்பைச் சிரையிலிருந்து அதை ஒட்டி நெளிந்து ஓடும் சினைப்பைத் தமனிக்கு நேரடியாக ஊடுருவி, சினைப்பையில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிற மஞ்சள் உடலைக் கரைக்கிறது. சினைப்பையைத் தனியாக வெட்டி எடுத்தால் அந்த வழியே அறுந்து போகிறது. அதை ஆராய வேண்டுமென்றால் கருப்பை, சினைப்பை, இடையிலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் பெர்ஃப்யூஸ் செய்ய வேண்டியதுதான், இல்லையென்றால் உயிருள்ள விலங்குக்குப் போக வேண்டியதுதான்.

நஞ்சுக்கொடி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: மனித நஞ்சுக்கொடியின் ஒரு மடலைத் தாய்ப்பக்கமும் சேய்ப்பக்கமும் தனித்தனியாகப் பெர்ஃப்யூஸ் செய்கிற முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, பிரசவம் முடிந்ததும் வீசப்படுகிற உறுப்பு அது. மாடு, பன்றி நஞ்சுக்கொடிகளின் அமைப்பு மனிதருடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. மனிதருக்கான மருந்துக் கேள்விக்கு விலங்கின் நஞ்சுக்கொடியைத் தேடுவதில் பெரிதாக அர்த்தமில்லை.

துண்டு, சீவல், வாயுவும் திரவமும் சந்திக்கும் இடம்

எனக்குக் கேட்டால், பெரும்பாலான ஆய்வுகள் முடிய வேண்டிய இடம் இதுதான். திசுவை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் துண்டாக்கி, முழுதாக மூழ்கவிடாமல், ஒரு வலைத்தட்டு அல்லது அகரோஸ் ஜெல் மேல் வைப்பது. கீழேயிருந்து மீடியம், அதாவது சத்துத் திரவம், ஊறி வரும், மேலேயிருந்து காற்று படும். 1959இல் டிரோவெல் உலோக வலையில் இதைச் செய்து காட்டினார். பிறகு 1960களில் ஸ்டைன்பெர்கர் தம்பதி எலி விந்தகத்தை இந்த வகையில் வளர்த்துப் பார்த்தபோது விந்துச் செல்கள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குகிற குன்றல் பிரிவின் நடுவில் நின்றுபோயின, அதற்கு மேல் நகரவில்லை. அந்தச் சுவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்படியே நின்றது.

உடைந்தது 2011இல். ஜப்பானின் யோகோஹாமா நகரப் பல்கலைக்கழகத்தில் ஒகாவா குழு, பிறந்த சில நாட்களே ஆன சுண்டெலியின் விந்தகத் துண்டுகளை அகரோஸ் ஜெல் மேல், மீடியத்தில் பாதி நனைந்த நிலையில், 34 டிகிரியில் வைத்தது. வழக்கமான கன்றுச் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) எடுத்துவிட்டு வேறொரு சீரம் மாற்றையும் ஆல்புமின் கலவையையும் சேர்த்ததுதான் திருப்பம். விந்தணு உருவாகி, அதைக் கருமுட்டைக்குள் செலுத்தி, குட்டிகள் பிறந்து, அந்தக் குட்டிகளும் இனப்பெருக்கம் செய்தன. இரண்டு மாதத்துக்கு மேல் துண்டுகள் வேலை செய்தன. 34 டிகிரி ஏன் என்று கேட்பவர்களுக்கு: விதைப்பை உடலை விடச் சில டிகிரி குளிர்ச்சியானது, இன்குபேட்டரை வழக்கம்போல 37இல் விட்டுவிட்டால் விந்தகத் துண்டுக்கு அது காய்ச்சல்.

இந்த வெற்றியை எல்லா விலங்குக்கும் நீட்டிவிடாதீர்கள். சுண்டெலிக்கு வேலை செய்தது மற்ற இனங்களுக்கு அதே எளிமையில் வரவில்லை, சுண்டெலியிலும் துண்டின் நடுப்பகுதி இறப்பதும் உடலுக்குள் நடப்பதை விடக் குறைவான விளைச்சலும் சாதாரணம்.

சினைப்பைக்கு வந்தால் கதை வேறு. பிறந்த சுண்டெலியின் சினைப்பை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வெட்டாமல் அப்படியே வைத்து வளர்க்கலாம். எப்பிக், ஓ'பிரையன் இருவரும் 1996இல் அதைத்தான் செய்தார்கள்: முதலில் முழுச் சினைப்பை, பிறகு அதிலிருந்து பிரித்த கருமுட்டைத் தொகுதி என்று இரண்டு கட்டம், கடைசியில் ஒரே ஒரு குட்டி. ஒன்றுதான், ஆனாலும் ஆதி நிலையிலிருந்த கருமுட்டையை உடலுக்கு வெளியே வளர்த்துக் குட்டி வரை கொண்டுபோக முடியும் என்பதற்கு அது போதுமானதாக இருந்தது. மாட்டின் சினைப்பையோ சில சென்டிமீட்டர் பெரியது, உள்ளே நார்த்திசு அதிகம். அங்கே வெளிப்புறப் பட்டையை மெல்லியதாகச் சீவித்தான் வளர்க்க முடியும். இங்கேதான் பலரும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது: அப்படிச் சீவி வளர்ப்பில் வைத்ததுமே, உறங்கிக்கொண்டிருக்கிற ஆதி ஃபாலிக்கிள்கள் (கருமுட்டையும் அதைச் சூழ்ந்த செல்களும் சேர்ந்த தொகுதிகள்) ஒரு சில நாட்களில் கூட்டமாக விழித்து வளரத் தொடங்கிவிடுகின்றன. வெட்டுவதே அவற்றுக்கு ஒரு சமிக்ஞை. ஃபாலிக்கிள் எப்போது, ஏன் விழிக்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால், கத்தி வைத்த கணத்திலேயே பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். விழித்த பிறகு எப்படி வளர்கிறது என்பது கேள்வி என்றால் அதே விஷயம் சாதகம்.

எண்டோமெட்ரியம் துண்டுகள் இரண்டு நாள், மூன்று நாள் வரை நம்பகமானவை. கருவின் சமிக்ஞையான இன்டர்ஃபெரான் டௌ பட்டதும் மாட்டின் எண்டோமெட்ரியம் எந்த மரபணுக்களை எழுப்புகிறது, பாக்டீரியா நச்சு பட்டால் எப்படி அழற்சி காட்டுகிறது என்ற கேள்விகளுக்கு 24 மணி நேரத் துண்டே போதும், எபிதீலியம் என்கிற மேற்பரப்புச் செல் அடுக்கும் கீழிருக்கிற திசுவும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் தனிச்செல் வளர்ப்பை விட உண்மைக்கு அருகில் நிற்கிறது. அதற்கு மேல் இழுத்தால் எபிதீலியம் தட்டையாகி, ஹார்மோன் சொல்வதைக் கேட்பது குறையத் தொடங்குகிறது.

கருக்குழாயில் ஒரு வசதி, குறுஇழைகள் அடித்துக்கொண்டிருப்பதை மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கலாம், நின்றுவிட்டதா இல்லையா என்று சந்தேகமே வராது. பன்றி, மாட்டு கருக்குழாய் எபிதீலியத்தைப் பிரித்து ஒரு சவ்வின் மேல், மேல்பக்கம் காற்றுபட வளர்த்தால் வாரக்கணக்கில் தூண் வடிவத்தையும் குறுஇழைகளையும் தக்கவைக்கிறது, தட்டில் மூழ்கவைத்தால் சில நாட்களில் அடையாளமே தெரியாமல் போகிறது.

ஜெல் மணியும் சிப்பும்

ஃபாலிக்கிளை மட்டும் தனியே எடுத்து ஆல்ஜினேட் ஜெல் மணிக்குள் வைத்து உருண்டை வடிவம் கெடாமல் வளர்க்கிற முறையை உட்ரஃப், ஷே குழுக்கள் நிலைநிறுத்தின. 2006இல் சுண்டெலிக் குட்டிகள் பிறக்கிற அளவுக்கு அது போனது. சினைப்பை முழுவதும் தேவையில்லை, ஃபாலிக்கிளும் அதன் ஹார்மோனும் போதும் என்பவர்களுக்கு இது அருமையான நடுவழி. மருந்தின் நச்சுத்தன்மையைப் பல அளவுகளில் சோதிக்க, ஒரே சினைப்பையிலிருந்து நிறைய ஃபாலிக்கிள் கிடைப்பது பெரிய லாபம்.

சிப் பக்கம் அதிகம் பேசப்படுவது எவாட்டர் என்கிற கருவி. 2017இல் அதே உட்ரஃப் குழு, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், சுண்டெலிச் சினைப்பையையும் மனிதக் கருக்குழாய், எண்டோமெட்ரியம், கருப்பைவாய், கல்லீரல் திசுக்களையும் சிறு அறைகளில் வைத்து ஒரே மீடியத்தைச் சுற்றவிட்டு 28 நாள் ஹார்மோன் சுழற்சியை ஓட்டிக் காட்டியது. சினைப்பை சுரப்பதை அடுத்த அறை கேட்கிறது என்பதுதான் இதன் பலம். யோகோஹாமா குழுவும் விந்தகத் துண்டுகளை மைக்ரோஃப்ளூயிடிக் கருவியில் வைத்து ஆறு மாதம் வரை விந்தணு உற்பத்தியைத் தக்கவைத்ததாக 2016இல் காட்டியது. நீண்டகாலம், உறுப்புகளுக்கு இடையே உரையாடல், இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் சிப்புக்குப் போங்கள்.

மற்றபடி சிப்பைச் சுற்றி இருக்கிற ஆரவாரம் எனக்கு அலுப்பூட்டுகிறது. பெரும்பாலான சிப்கள் செய்யப்படுகிற சிலிகோன் பொருளான பிடிஎம்எஸ், கொழுப்பில் கரைகிற சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அந்த வகைதான். இனப்பெருக்க உறுப்புக்கென்று வாங்கிய கருவியே ஹார்மோனைக் குடித்துவிட்டால் பிறகு எதை அளக்கப் போகிறோம்? திசு எதுவும் இல்லாமல் வெறும் சிப்பில் ஹார்மோனை ஓட்டி எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் திசுவை வையுங்கள். இதே வரிசையில் இன்னொன்று: மீடியத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற ஃபீனால் ரெட் லேசான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்று 1986இலேயே தெரியும், சாதாரண சீரத்திலும் ஹார்மோன் இருக்கும். ஹார்மோன் கேள்வி என்றால் நிறமில்லாத மீடியமும் கரியால் வடிகட்டிய சீரமும் என்பது எந்த முறைக்கும் பொருந்தும்.

பக்கத்தில் நிற்கிற போட்டியாளர்

வெளியே வளர்ப்பது என்று பேசும்போது பலர் சொல்லத் தயங்குகிற ஒரு வழி உண்டு. நோயெதிர்ப்பு இல்லாத சுண்டெலியின் முதுகுத் தோலுக்கு அடியில் வேறொரு விலங்கின் திசுத் துண்டைப் பதிப்பது. 2002இல் பன்றி, வெள்ளாட்டு விந்தகத் துண்டுகளை இப்படிப் பதித்தபோது முழு விந்தணு உருவானது. எந்தக் கருவியும் இன்றுவரை பெரிய விலங்குகளுக்கு அவ்வளவு நம்பகமாக இதைத் தரவில்லை. ஆனால் விலங்குப் பயன்பாட்டைக் குறைக்கத்தானே உறுப்பை வெளியே வளர்க்க வந்தோம். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, மேம்படுத்தல் என்ற மூன்றில் முதலாவதை இது கைவிடுகிறது. பெரிய விலங்கின் முழு விந்தணு கட்டாயம் வேண்டும், வேறு வழியில்லை என்று எழுதிக் காட்ட முடிந்தால் மட்டும்.

உறுப்பு எங்கிருந்து

முறையைப் போலவே இதுவும் முடிவைத் தீர்மானிக்கும். இறைச்சிக்கூடம் என்றால் எந்த விலங்கும் உங்கள் ஆய்வுக்காகச் சாகவில்லை, உறுப்பும் ஏராளம். ஆனால் விலங்கின் வயது, நோய், கொடுத்த மருந்து எதுவும் சரியாகத் தெரியாது. மாட்டில் சினைச் சுழற்சியின் நிலையை மஞ்சள் உடலின் நிறத்தையும் அமைப்பையும் பார்த்து ஓரளவு கணிக்கலாம், அதைப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். கருப்பையின் உள்ளறையில் கிருமி இருக்கவே செய்யும், ஆர்கன் பாத்துக்கு அது பரவாயில்லை, இரண்டு வார வளர்ப்புக்கு அது சாவுமணி.

கொண்டு வருகிற வெப்பநிலையும் இனத்துக்கு இனம் மாறும். மாட்டின் சினைப்பையை ஆன்டிபயாட்டிக் கலந்த உப்புக் கரைசலில், 30 டிகிரியை ஒட்டி, தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் சில மணி நேரத்துக்குள் கொண்டு வருவது வழக்கம். பன்றியின் கருமுட்டையில் கொழுப்பு அதிகம், குளிர் ஆகவே ஆகாது, 15 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாகக் கெட்டுவிடும். பூனையின் சினைப்பையோ 4 டிகிரியில் ஒரு நாள் கிடந்தும் பயன்படக்கூடிய கருமுட்டை தருகிறது. ஒரு விலங்குக்கான நெறிமுறையை அப்படியே இன்னொன்றுக்கு எடுப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நான் முடிவெடுப்பேன் என்றால் இப்படி: சுருக்கம் பற்றிய கேள்விக்கு ஆர்கன் பாத். எண்டோமெட்ரியம், கருக்குழாய், மாட்டுச் சினைப்பைப் பட்டை எல்லாவற்றுக்கும் துண்டு வளர்ப்பு. சுண்டெலி விந்தகத்துக்கு அகரோஸ் ஜெல். ஃபாலிக்கிள் நச்சுத்தன்மைக்கு ஆல்ஜினேட். ரத்தக்குழாய் கேள்வியின் உள்ளேயே இருந்தால் மட்டும் பெர்ஃப்யூஷன், அதுவும் ஒரே நாளில் முடிகிற அளவில். சிப்பை, துண்டு வளர்ப்பில் நல்ல முடிவு வந்தபிறகு, அதை நீட்டிப் பார்க்க. பணம் முதலிலேயே கையில் இருக்கிறது என்பதற்காக பெர்ஃப்யூஷன் கருவி வாங்கி, அப்புறம் அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடுகிற பழக்கம்தான் நான் இதில் அதிகம் பார்க்கிற வீணடிப்பு.

எந்த முறையை எடுத்தாலும் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, உறுப்பு கைக்கு வந்த அந்த நிமிடமே ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டுவிடுங்கள். வளர்ப்பின் முடிவில் திசுவில் தெரிகிற சேதம் உங்கள் கருவியால் வந்ததா, வண்டியில் வரும்போதே இருந்ததா என்று அந்தத் துண்டு மட்டும்தான் சொல்லும். அதோடு லாக்டேட், குளுக்கோஸ், சேதமான செல்களிலிருந்து கசிந்த எல்டிஎச் நொதியின் அளவு மூன்றையும் மணிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள், பெர்ஃப்யூஷன் என்றால் தமனி அழுத்தமும் உறுப்பின் எடையும் சேர்த்து. இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு மாட்டின் கருப்பையிலிருந்து இருபது துண்டு எடுத்தால் அது இருபது மாதிரி ஆகாது, ஒரு மாதிரியின் இருபது அளவீடு, புள்ளிவிவரத்தில் அது ஒரு மாடுதான். முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் வாரத்துக்கு எத்தனை விலங்கின் உறுப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சில சமயம் அந்த ஒரு பதிலே மேலே சொன்ன முறைகளில் பாதியைக் கழித்துவிடும்.